‘பஸ் பார்’ – படகு வயரிங் கையேட்டுக்கு ஒரு சொல்

> பஸ் பாருக்கு ‘மின்பாட்டை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

கணினிக்குள் இருக்கும் ‘பஸ்’ஸுக்குப் பாட்டை, அதாவது வழி, பொருந்தும். அங்கே தரவு பயணம் போகிறது. படகை ஓட்டுபவர் முன்னால் சுக்கானும் பொத்தான்களும் இருக்கும் பெட்டி, அதாவது கன்சோல்; அதற்குள் இருக்கும் பஸ் பார் வழியல்ல, கூடுமிடம். நடுவில் கன்சோல் வைத்த அமெரிக்கச் சிறுபடகு ஒன்றைப் பாருங்கள். விளக்கு, ஹார்ன், ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பு என எல்லாவற்றின் எதிர்முனைக் கம்பிகளும் ஒரே செம்புப் பட்டையில் திருகப்படுகின்றன. அதுதான் பஸ் பார். அங்கிருந்து தடித்த கம்பி ஒன்று பேட்டரிக்குப் போகிறது.

தாமே வயரிங் செய்பவர்கள் பலர் இந்தப் பட்டையைத்தான் வேண்டாத செலவு என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கருவியின் எதிர்முனையிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று தொடுத்துக்கொண்டே போவார்கள். நடுவில் ஓர் இணைப்பில் களிம்பு ஏறினால் போதும், அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் அணைந்துவிடும். கன்சோலின் சிறு கதவுக்குள் ஒரு கைதான் நுழையும். பழுதைத் தடவித்தான் தேட வேண்டும். உப்புக்காற்று கம்பியின் உறைக்குள்ளும் புகும். உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்துக் கிடக்கும். வெள்ளீயம் பூசிய கம்பியை வற்புறுத்துவது இதனால்தான். (பித்தளைப் பாத்திரத்துக்கு நாம் ஈயம் என்று பூசுவதும் வெள்ளீயமே.)

‘பஸ்’ என்பது ‘எல்லாருக்கும்’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘ஆம்னிபஸ்’ஸின் வால். நம் சாலைகளில் ஓடும் ஆம்னி பஸ்ஸும் அதே வீட்டுப் பிள்ளைதான். எனவே ‘பொது’ வரவேண்டும். ‘பாரை’ச் சட்டம் என்று பெயர்த்துப் ‘பொதுச்சட்டம்’ என்றால் வழக்கறிஞர்கள் சண்டைக்கு வருவார்கள். என் பரிந்துரை: பொதுமுனைப் பட்டை.

> பொதுமுனை என்றால் நேரா, எதிரா? ஜிபிஎஸ்ஸை மாற்றிக் கட்டினால் கருவியே போய்விடலாம். கடைக்காரருக்கும் ‘பஸ் பார்’தான் தெரியும்.

நியாயமான கேள்வி. பொதுமுனைப் பட்டை இனப்பெயராக இருக்கட்டும். கையேட்டின் வயரிங் படத்தில் நேர்முனைப் பட்டை, எதிர்முனைப் பட்டை என்று பிரித்தே எழுதுவோம். நிறமும் துணைக்கு வரும்: அமெரிக்கப் படகுத் தரநெறி டிசி மின்சாரத்தின் எதிர்முனைக்கு மஞ்சளையோ கறுப்பையோ அனுமதிக்கிறது. மஞ்சளே மேல்; அந்நாட்டு வீட்டு வயரிங்கில் கறுப்பு என்றால் மின்சாரம் வரும் கம்பி. ஒரு திருகில் 4 முனைகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதையும் அந்தப் படத்திலேயே குறித்துவிடலாம்.

கடையில் பஸ் பார் என்றே கேளுங்கள், யார் தடுத்தது? கையேட்டின் முதல் பக்கத்தில் இரண்டையும் சேர்த்தே போடுவோம்.

அடுத்தது ‘கிரிம்ப்’. கம்பி நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கைக் கம்பியோடு சேர்த்து நசுக்கி இறுக்குவதற்கு ‘நெரிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கழுத்து நினைவுக்கு வருகிறது என்பவர்கள் மாற்றுச்சொல் அனுப்புங்கள்.