மெய்சிலிர்ப்பு எங்கே பிறக்கிறது: பாட்டின் திருப்பத்திலா, பாடும் குரலிலா?

கதிர்: 'தளபதி' (1991) படத்தின் 'ராக்கம்மா கையத்தட்டு' பாட்டில் தேவாரம் நுழையும் இடம்தான் எனக்கு. ஊரே ஆடிக்கொண்டிருக்கும். அப்படியே கொட்டு அடங்கி, பெண் குரலில் 'குனித்த புருவமும்' என்று வரும். கை மயிர் குத்திட்டு நிற்கும். 7ஆம் நூற்றாண்டில் தில்லை நடராசரை நினைத்து அப்பர் பாடியதை இங்கே கொண்டுவந்து வைக்க ராஜாவுக்குத் தோன்றியதே! சிலிர்ப்பு முழுக்க அந்தத் திருப்பத்தில் இருக்கிறது. ஆட்டம் பாட்டம் இல்லாமல் தேவாரத்தை மட்டும் கேட்டால் மனசு நிறையும், உடம்பு சிலிர்க்காது.

மேகலை: சிலிர்க்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் ஊர்க் கோயிலில் ஓதுவார் மைக் இல்லாமல் அதே பாடலைப் பாடுவார். 'மனித்தப் பிறவியும் வேண்டுவதே' என்ற இடத்தில் குரல் லேசாகக் கரகரக்கும். எனக்கு முதுகுத்தண்டில் ஜில்லென்று ஏறும். அங்கே எந்தத் திருப்பமும் இல்லையே. 'கருத்தம்மா' (1994) படத்தில் ஸ்வர்ணலதா 'போறாளே' என்று எடுப்பதைக் கேளுங்கள். அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. முதல் சொல்லிலேயே நெஞ்சு அடைக்கிறது. பாட்டே இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் எது திரும்பியது?

ராமநாதன்: நான் இரண்டு பக்கமும் இல்லை. எனக்கு நிசப்தம்தான். 'திருவிளையாடல்' (1965), 'பாட்டும் நானே'. 'என் இசை நின்றால் அடங்கும் உலகே' என்று டி.எம்.எஸ். முடித்ததும் பாட்டு நின்றுவிடும், திரையில் உலகமும் நின்றுவிடும். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தோம். பக்கத்தில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்த பையன் மெல்வதையே நிறுத்திவிட்டான். அப்புறம் 'நான் அசைந்தால்' என்று குரல் மறுபடி எழுந்தபோது கொட்டகையே மூச்சு விட்டது.

கதிர்: சார், அந்த நிசப்தமும் திருப்பம்தானே! 2011இல் மான்ட்ரியாலில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாட்டு கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்ததில், சிலிர்ப்பின் உச்சத்தில் டோபமைன் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளை வேதிப்பொருள் சுரந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், எதிர்பார்த்துக் காத்திருக்கும்போதே, மூளையின் இன்னொரு பகுதியில் சுரந்தது.

மேகலை: சரி, அது யார் பக்கம் பேசுகிறது? அவர்கள் கேட்டது தங்களுக்கு ஏற்கெனவே பிடித்த பாட்டுகளை. எந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்துதான் கேட்டார்கள். 'ராக்கம்மா'வை நூறு தடவை கேட்ட உங்களுக்குத் தேவாரம் வருவது எப்படித் திருப்பமாகும்? அந்தக் குரலுக்காகத்தான் காத்திருக்கிறீர்கள்.

கதிர்: காத்திருக்கிறேன், உண்மைதான். நேற்று ராத்திரி தேவாரத்தை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். குரல் அதேதான், சிலிர்ப்பு பாதிகூட இல்லை. முதலிலிருந்து போட்டதும் வந்துவிட்டது. ஓதுவாரின் அந்தக் கரகரப்பு நான் கேட்காதது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் என்னைக் காத்திருக்க வைப்பது அந்தக் கொட்டுதான், அக்கா.

ராமநாதன்: இன்று பேரனுக்கு 'பாட்டும் நானே' போட்டுக் காட்டினேன். பாட்டு நின்ற இடத்தில், போன் நின்றுவிட்டது என்று நினைத்துத் திரையைத் தட்டினான். சிலிர்ப்பு ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை போடச் சொன்னான். இந்த முறை 'உலகே' வருவதற்கு முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டான்.