பழைய டிராக்டர் எஞ்சின்: ரிங் மட்டும் போட்டால் போதுமா?

கேள்வி:
மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். அப்பா ஓட்டிய வண்டி, அவருக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். ஒரு வருடமாக ஆயில் குடிக்கிறது. 10 மணி நேரம் உழுதால் 1 லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. நீலப் புகை, காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை. ஆயில் பிரஷர் மட்டும் சூட்டிலும் நன்றாகக் காட்டுகிறது.

ஒரு மெக்கானிக் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மட்டும் மாற்றலாம் என்கிறார். இன்னொருவர் லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்), பிஸ்டன், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எல்லாவற்றையும் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார். இரண்டு பேருமே சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டைக் கழற்றவில்லை. விற்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. என்ன செய்யலாம், அண்ணன்மாரே?

பதில் 1:
முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சின்ன ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங், லைனர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஆயில் அதிகமாகிவிடக் கூடாது. அமுங்காத ஆயில் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும்.

பதில் 2:
தம்பி, அளக்காமல் யார் சொல்வதையும் கேட்காதீர்கள். ஹெட்டைக் கழற்றியதும் லைனரின் மேல்பகுதியில் விரல் நகத்தை ஓட்டுங்கள். மேல் ரிங் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே விளிம்பு தட்டும். அது நன்றாகத் தட்டினால் வெறும் ரிங் போடுவது வீண். புது ரிங் அந்த விளிம்பில் மோதி உடைந்த எஞ்சினை நானே பிரித்திருக்கிறேன்.

லைனரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜ் இல்லையென்றால் கவலை வேண்டாம். பிஸ்டனை எடுத்தபின், ஒரே ரிங்கை லைனரின் அடியில், ரிங் போகாத இடத்தில் நேராக வைத்து, ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவிலுள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) அளங்கள். பிறகு அதே ரிங்கை விளிம்புக்குக் கீழே வைத்து அளங்கள். வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் லைனர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வெட் லைனராக (வெளிப்பக்கம் நேராகத் தண்ணீர் படும் லைனர்) இருந்தால் ஹெட் இல்லாதபோது கிராங்கைச் சுற்றாதீர்கள். லைனர் மேலே எழும்பி அடியிலிருக்கும் ஓ-ரிங் வழியாகத் தண்ணீர் ஆயிலில் இறங்கும். சுற்றியே ஆகவேண்டுமென்றால் வாஷர் வைத்து லைனரை போல்ட்டால் இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பிரித்துவிட்டேன் அண்ணா. ட்ரை லைனர், தண்ணீர் படாத வகை. முதல் சிலிண்டரில் அடியில் 0.9 மி.மீ., மேலே 1.7. வித்தியாசம் 0.8, வகுத்தால் கிட்டத்தட்ட 0.25 மி.மீ. மற்ற இரண்டும் அதையொட்டித்தான். விளிம்பு நகத்தில் நன்றாகவே தட்டுகிறது.

பதில் 2:
கால் மில்லிமீட்டர் என்றால் ரிங்கோடு முடியாது. லைனர், பிஸ்டன், ரிங் செட்டாகப் போடுங்கள். ட்ரை லைனர் என்பதால் பிளாக்கை லேத்துக்கு அனுப்பி, அழுத்தி ஏற்றி, அளவுக்கு உள்பக்கம் கடைந்து (போர் போட்டு), ஹோனிங் கல்லால் தேய்த்து முடிக்கவேண்டும். கையில் அடித்து ஏற்ற விடாதீர்கள்.

கிராங்கைச் சாணை பிடிக்கலாமா என்பதை ஜர்னல்தான் (கிராங்கில் பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதி) சொல்லவேண்டும். குறுக்கும் நெடுக்கும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். கோடு விழாமல், முட்டை வடிவமாகாமல் இருந்தால் பழைய பேரிங்கின் பின்பக்கம் பொறித்திருக்கும் அதே அளவில் புது பேரிங் போதும். எந்த கனெக்டிங் ராடின் கேப் (அடி மூடி) எது என்று குறி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை மறக்காதீர்கள். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே மண் இருந்தால் புது லைனரும் சீக்கிரமே இதே கதிக்கு வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
துணி செம்மண் நிறமாக வந்தது. கிளாம்ப் இறுக்கும் இடத்தில், அடிப்பக்கம் வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. எத்தனை வருடம் அப்படி ஓடியதோ, நினைத்தால் வயிறு எரிகிறது. ஹோஸ் மாற்றியாயிற்று. ஜர்னல் மூன்றும் வட்டமாகவே இருக்கின்றன, அதனால் கிராங்கைத் தொடவில்லை. பிளாக் நாளை லேத்துக்குப் போகிறது.