புதுப்பிப்பு: ஜூபிட்டர் என்று நினைத்த ரோமானிய நாணயம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 21 மில்லிமீட்டர் வெண்கலக் காசு, பின்புறம் கை உயர்த்தி நிற்கும் ஆண் உருவம், எழுத்து பாதி மண்ணுக்குள். ரோமானியக் கடவுள்களின் தலைவர் ஜூபிட்டரா, காவல் தெய்வமான ஜீனியஸா என்று குழம்பியிருந்தேன். விடை கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி.

புளி போட்டுத் தேய்க்காதே என்று தடுத்தவருக்குத் தனி நன்றி, கை அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சி வடித்த நீரில் 9 நாள் ஊறவைத்து, பல்குச்சியால் மெதுவாகக் கிளறினேன். துப்புக் கொடுத்தது இன்னொருவர் சொன்ன யோசனை: விளக்கை மேலிருந்து அடிக்காமல், பக்கவாட்டில் தாழ்த்திப் பிடி. அப்படிப் பிடித்ததும் தலையைச் சுற்றிக் கதிர்கள் தெரிந்தன. இடக்கையில் உருண்டை. ஜூபிட்டர் என்றால் இடியோ செங்கோலோ இருக்கும். ஜீனியஸ் என்றால் வளக்கொம்பு, அதாவது பழங்கள் நிறைந்த கொம்பு. இது சோல், ரோமானியரின் சூரியக் கடவுள்.

எழுத்தை இடது கீழிருந்து கடிகாரச் சுற்றில் படித்தேன்: சோலி இன்விக்டோ கோமிடி. லத்தீனில் 'வெல்லப்படாத துணைவன் சூரியனுக்கு' என்று பொருள். முன்புறம் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன். இவர் 312-இல் ரோம் அருகே மில்வியன் பாலப் போரில் வென்று கிறிஸ்தவத்தின் பக்கம் சாய்ந்த பிறகும் சில ஆண்டுகள் சூரியன் காசுகள் வந்துகொண்டுதான் இருந்தன.

எதிர்பாராதது பின்புறத்தில், உருவத்துக்கு அடியில் இருந்தது. கறை என்று விட்டிருந்த இடத்தில் பி, எல், என் என்று மூன்று எழுத்து. எல், என் என்றால் லண்டன்; காசு அடித்தது லண்டன் அக்கசாலை (நாணயம் அடிக்கும் இடம்)! 325-இல் மூடிவிட்டார்களாம். நான் ரோமில் அடித்தது என்றே நினைத்திருந்தேன்.