ஏற்காட்டில் விளம்பர ஷூட்டிங், கூட்டத்தில் நிற்கக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

அஸ்தம்பட்டி அம்மிணி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன், வயது 38. நாத்தனார் மூலமாக ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. ஏற்காட்டில் காபித்தூள் விளம்பரம் ஒன்று எடுக்கிறார்களாம். பின்னால் உட்கார்ந்திருக்க, நடந்து போக, ‘குடும்பப் பாங்கான’ ஆட்கள் வேண்டுமாம். விடிகாலை 4 மணிக்கு சேலம் ஐந்து ரோட்டில் வேன் நிற்கும், ஆளுக்கு 1,200 ரூபாய், சாப்பாடு உண்டு. இடம் உறுதி செய்ய 500 ரூபாய் ஜிபே பண்ணச் சொல்கிறார் ஏஜென்ட். என் எட்டு வயது மகளையும் கூட்டி வந்தால் அவளுக்குத் தனியாகப் பணம் என்கிறார்.

“உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்கிறார் வீட்டுக்காரர். எனக்கோ ஒரு தடவை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது. நடிக்கத் தெரிய வேண்டுமா? என்ன உடுத்துவது? போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கோரிமேட்டுக்காரன்

அந்த 500ஐ அனுப்பாதீங்க அக்கா. கூலிக்கு ஆள் பிடிக்கிறவன் ஆளிடமே காசு கேட்க மாட்டான். அனுப்பினால் 4 மணிக்கு ஐந்து ரோட்டில் நீங்களும் நாலு நாயும்தான் நிற்பீர்கள்.

குகை டெய்லர்

தம்பி சொன்னது சரி. மற்றதை நான் சொல்கிறேன் அம்மிணி.

சேலம் குகை ஏரியாவில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு விளம்பரத்துக்குக் காஸ்ட்யூமர் அவசரமாக ஜாக்கெட் பிடித்துத் தரச் சொன்னார். மிஷினோடு மலைக்குப் போன இடத்தில், ஓர் ஆள் குறைகிறது என்று என்னையும் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அதிலிருந்து இந்தப் பக்கம் ஷூட்டிங் வந்தால் கூப்பிடுவார்கள். கடையில் வேலை மந்தமாக இருந்தால் போவேன்.

நடிப்பு எதுவும் வேண்டாம். செய்ததையே துளி மாறாமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதுதான் கஷ்டமும். நாயகி டம்ளரை வாய்க்குக் கொண்டு போகிற நேரத்தில் அவருக்குப் பின்னால் நீங்கள் கடந்து போக வேண்டும் என்று வையுங்கள். இதற்கு ‘பாஸிங்’ கொடுப்பது என்பார்கள். மறைவில் ஒரு அசிஸ்டன்ட் உங்கள் தோளில் கை வைத்து நிற்பார். அவர் கையை எடுத்ததும் நடக்க வேண்டும். பை இடது கையில் இருந்தால் கடைசி ‘ஒன் மோர்’ வரைக்கும் இடது கையில்தான். அதே காட்சியை இன்னொரு பக்கத்திலிருந்தும் எடுப்பார்கள். அப்போது பை வலது கைக்கு வந்திருந்தால் இரண்டு துண்டும் ஒட்டாது, பாட்டு உங்களுக்குத்தான் விழும். முப்பது விநாடிப் படம்தானே என்று போகாதீர்கள். சினிமாவில் ஒரு நாளில் நாலைந்து காட்சி முடித்துவிடுவார்கள். இங்கே ஒரு டம்ளரைக் கீழே வைக்கிற ஷாட்டுக்கு அரை நாள் போகும்.

பேசுவது போல உட்கார வைத்தால் உதடு மட்டும்தான் அசையணும், சத்தம் வரக்கூடாது. எனக்கு எதிரே உட்கார்ந்தவர் அம்மாபேட்டை நெசவாளி. முகத்தைச் சுளித்து, விரலை ஆட்டி, என்னவோ உதட்டாலேயே பொரிந்து தள்ளினார். நூல் விலையைத் திட்டுகிறார் போல என்று நானும் பாவமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் கேட்டால், வாங்கின கடனைத் திருப்பித் தராத மச்சானைத் திட்டினாராம். டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் எங்கள் பெஞ்சை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடச் சொன்னார்.

துணி என் தொழில், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெள்ளை வேண்டாம், வெளிச்சத்தில் அடிக்கும். பொடிக் கட்டமும் நெருக்கமான கோடும் கேமராவில் நெளியும். பளபள ஜரிகை கூடாது. கம்பெனிப் பெயர் போட்ட பை, பனியன் எதுவும் ஆகாது. மங்கலான நிறத்தில் காட்டன் சேலை இரண்டு மூன்று இஸ்திரி போட்டு எடுத்துப் போங்கள். ஒன்றின் நிறம் நாயகியின் சேலையோடு மோதினால் அடுத்தது இருக்கும். ஊக்கு ஒரு பட்டை கையில் இருக்கட்டும். முந்தானையை முதல் ஷாட்டிலேயே தோளில் குத்திவிடுங்கள், சரிந்தால் அதுவும் கன்டினியூட்டியில் இடிக்கும், அதாவது முந்தின ஷாட்டோடு ஒட்டாது.

அப்புறம் குளிர். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். கதைப்படி கோடைக்காலம் என்று சொல்லி ஸ்வெட்டரைக் கழற்ற வைப்பார்கள். பாதி ஷாட் வெயிலில் முடிந்திருக்கும், திடீரென்று ஏரிப் பக்கமிருந்து மூட்டம் ஏறி எதிரே நிற்கிற சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாது. வெளிச்சம் முன்னதோடு ஒட்டாது என்பதால் கலைகிறவரை எல்லாரும் சும்மா உட்கார வேண்டியதுதான். அதற்கு ஒரு சால்வையும் படிக்க ஏதாவதும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் படம் எடுத்துவிடாதீர்கள். விளம்பரம் வெளிவரும் முன்னால் ஒரு ஃபோட்டோ கசிந்தாலும் ஆளையே அனுப்பிவிடுவார்கள்.

நாயகி கையில் இருக்கிற காபியில்தான் ஆவி பறக்கும். நமக்கு ஆறிப்போனதுதான், அதையும் ஒவ்வொரு தடவையும் குடிப்பது போல உதட்டில் வைத்தால் போதும். நிஜமாகக் குடித்தால் டம்ளரில் அளவு மாறும். ஏற்காட்டுக்குப் போய் எஸ்டேட் நடுவே உட்கார்ந்து ஒரு வாய் நல்ல காபி கிடைக்காத கொடுமையை என்னவென்று சொல்ல!

பணத்தை முன்னாலேயே எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் இருந்தால்கூடப் போதும். எத்தனை மணி வரை, அதற்கு மேல் போனால் எவ்வளவு, பேக்கப் ஆனதும், அதாவது அன்றைய ஷூட்டிங் முடிந்ததும் கையிலா, பிறகு அக்கவுண்டிலா, திரும்பி வர வண்டி உண்டா. முக்கியமாக இன்னொன்று. கூட்டத்தில் இருக்கிற உங்களைத் திடீரென்று முன்னால் கூப்பிட்டு, காபித்தூள் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, சிரிக்கவோ ஒரு வார்த்தை பேசவோ சொன்னால், அது கூட்டக் கூலியில் சேராது. ஷாட்டுக்குப் போகும் முன்னால் பேசிவிட வேண்டும், முடிந்த பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். கையெழுத்துக்கு நீட்டுகிற படிவத்தையும் படியுங்கள். உங்கள் முகத்தை எத்தனை வருஷம், எங்கெங்கே போடலாம் என்று அதில் இருக்கும். வேறு காபி விளம்பரத்தில் வரக்கூடாது என்றும் சில நேரம் போட்டிருப்பார்கள்.

பெண்கள் உடை மாற்ற அறை எங்கே, கழிவறை எங்கே என்று கிளம்பும் முன்னாலேயே கேளுங்கள். கேரவன் நமக்கில்லை.

சொல்ல மறந்துவிட்டேன். மேலே போகும்போது ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வருமே, அதைத் தாண்டும்போது வேனில் ஒரு பெரியவர் கும்பிட்டார். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில் அவருடைய அப்பா ராஜா கதைப் படங்களில் ஈட்டி பிடித்து நின்றவராம். கலைஞரும் கண்ணதாசனும் வேலை பார்த்த இடம். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், சேலத்துக்காரர்களுக்கு இது ஒன்றும் புது வேலை இல்லை.

கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்

மகள் விஷயம் யாரும் சொல்லவில்லையே. குழந்தையை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். அதை வாங்க வேண்டியது தயாரிப்பாளர், நீங்கள் இல்லை. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2017இல் வந்த விதிகளும் சொல்வது இது. “அனுமதிக் கடிதத்தின் நகல் அனுப்புங்கள்” என்று அந்த ஏஜென்ட்டிடம் ஒரு வரி கேட்டுப் பாருங்கள். விடிகாலை 4 மணிக்குக் குழந்தையை வேனில் ஏற்றச் சொல்வதிலேயே ஆள் எப்படி என்று தெரிகிறது.

அஸ்தம்பட்டி அம்மிணி

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. “500ஐ என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், பாப்பாவுக்கு அனுமதிக் கடிதம் அனுப்புங்கள்” என்று எழுதினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. இப்போது பார்த்தால் டிபியும் தெரியவில்லை. நாத்தனார் நல்லவேளை இன்னும் பணம் கட்டவில்லை.

டெய்லர் அண்ணா, உங்களைக் கூப்பிடுகிறவர்கள் அடுத்து வந்தால் இங்கே ஒரு வார்த்தை போடுங்கள். பாப்பா வேண்டாம், நான் மட்டும் வருகிறேன். எனக்கு மலைப் பாதையில் வாந்தி வரும், அது ஒன்றுதான் பயம்.

குகை டெய்லர்

போடுகிறேன் அம்மிணி. 20 கொண்டை ஊசி வளைவு, வேனில் முன் சீட்டுக்கு முதலிலேயே சொல்லி வைத்துவிடலாம். இட்லி மேலே போய்த்தான் தருவார்கள், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். வாந்தி எடுத்தாலும் அந்தச் சேலையில் எடுக்காதீர்கள்.