காப்பகத்தில் ஒரு குழந்தைக்கு மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி: மற்ற குழந்தைகளுக்கும் டெஸ்ட் வேண்டுமா?

மழலைக்கூடம்:
2 வயதுக் குழந்தையின் காது சீழ் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்), பெனிசிலினுக்குக் கட்டுப்படாத நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா இருப்பதாக ரிப்போர்ட். கூடவே 14 குழந்தைகள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் மூக்கில் ஸ்வாப் எடுத்து, கிருமி இருப்பவர்களை நிறுத்தச் சொல்கிறார்கள் சில பெற்றோர். எல்லாருக்கும் முன்கூட்டியே அமாக்சிசிலின் (பெனிசிலின் குடும்ப ஆன்டிபயாட்டிக்) கொடுக்கலாமே என்றும் ஒரு யோசனை. எது சரி?

தட்டும்_ஸ்வாபும்:
இரண்டும் வேண்டாம். இந்த வயதில் மூக்கின் பின்பக்கம் நிமோகாக்கஸ் சும்மா குடியிருப்பது சகஜம். ஸ்வாப் எடுத்தால் பலருக்கும் வரும், ஆனால் ஒரு வகை போய் இன்னொன்று வந்துகொண்டே இருப்பதால் அந்த ரிப்போர்ட் சீக்கிரமே பழசாகிவிடும். எல்லாருக்கும் மருந்து என்பது இன்னும் மோசம். மருந்துக்கு மடிகிற கிருமிகள் செத்து, மடியாததற்கு இடம் காலியாகும். குடலில் உள்ள ஈ.கோலைக்கும் இதே கதைதான்.

குட்டீஸ்_டாக்டர்:
ரிப்போர்ட்டைப் பார்த்து அமாக்சிசிலின் வேலைக்காகாது என்று முடிவுகட்ட வேண்டாம். நிமோகாக்கஸ் மருந்தை உடைப்பதில்லை. மருந்து போய் ஒட்டும் புரதத்தை மாற்றிக்கொள்கிறது. டோஸைக் கூட்டினால் பெரும்பாலும் மடியும்: கிலோவுக்கு நாளொன்றுக்கு 80–90 மி.கி., இரண்டு வேளையாக. அமாக்சிசிலினோடு சேர்த்துத் தரும் கிளாவுலனேட் இந்தக் கிருமிக்கு ஒன்றும் செய்யாது. அது மருந்தை உடைக்கும் ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா என்ற வேறு காது நோய்க் கிருமிகளுக்கு. குறைந்த டோஸை இழுத்தடிப்பதுதான் வில்லங்கம். டொமினிக்கன் குடியரசில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், 40 மி.கி. வீதம் 10 நாள் சாப்பிட்டவர்களைவிட 90 மி.கி. வீதம் 5 நாள் சாப்பிட்ட குழந்தைகளின் மூக்கில் கட்டுப்படாத நிமோகாக்கஸ் குறைவு. அதற்காக நாள் கணக்கை நீங்களே குறைக்காதீர்கள். காது நோய்க்கு 2 வயதுக்குக் கீழ் வழக்கம் 10 நாள்.
எல்லாருடைய தடுப்பூசி அட்டையிலும் நிமோகாக்கல் ஊசி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்வாபுக்குச் செலவழிப்பதைவிட இது உருப்படி.

வெள்ளை_ஏப்ரன்:
நிமோகாக்கஸ் சளி வழியே பரவுவது. மூக்கைத் துடைத்த டிஷ்யூ உடனே குப்பைக்கு, பிறகு சோப்பால் 20 விநாடி கை கழுவல். வாயில் வைத்த பொம்மை தனிக் கூடைக்கு.
குடல் கிருமிக்கு டயபர் மேசைதான் முக்கியம். பலர் அழுக்கின் மேலேயே பிளீச் தெளிக்கிறார்கள். அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 5% பிளீச் 20 மி.லி. குறைந்தது ஒரு நிமிடம் மேசை ஈரமாகவே இருக்கட்டும். தினமும் புதிதாகக் கலக்கவும். கழிப்பறை ஆசிட்டோடு சேரவே கூடாது, விஷவாயு வரும்.

மழலைக்கூடம்:
நன்றி டாக்டர். அந்தக் குழந்தை எப்போது வரலாம்?

குட்டீஸ்_டாக்டர்:
காய்ச்சல் விட்டு, வழக்கம்போல விளையாட ஆரம்பித்ததும். கிருமி போய்விட்டது என்று சர்டிபிகேட் கேட்காதீர்கள்.