[கலைச்சொல்] மோட்டார் ஹோமும் அதன் பின்னால் கட்டி இழுக்கும் காரும்

மிச்சிகனிலிருந்து:

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கிப் புதுப்பித்து, அதன் பின்னால் ஜீப் ஒன்றைக் கட்டி இழுக்க ஆயத்தம் செய்தது பற்றி அதில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். இங்கே பணி ஓய்வை நெருங்கும் நம்மவர் பலருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. தமிழில் படிக்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

வண்டி 1994ஆம் ஆண்டுத் தயாரிப்பு. ஃபோர்டின் எஃப்-53 அடிச்சட்டம், 7.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். புதுப்பிக்கும் பகுதியை எழுதுவதில் எனக்குச் சொல் முட்டுப்பாடு இல்லை. கூரை ரப்பர் விரிப்பு. அதன் ஓரங்களிலும் காற்றுப்போக்கிகளைச் சுற்றியும் பூசிய பசை வெடித்தால் மழைநீர் இறங்கும். இறங்கிய நீர் நேரே உள்ளே சொட்டாது. சுவருக்குள்ளேயே ஓடி, ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள மூலையில் போய்த் தேங்கும். அந்த மூலையில் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினால் போதும், கைப்பிடிவரை உள்ளே போய்விடும். பலகை அவ்வளவு ஊறியிருக்கும். வெளிச்சுவரில் ஃபைபர் தகடு ஒட்டுப்பலகையை விட்டுப் பிரிந்து அலை அலையாக நிற்கும். நம் ஊர்த் தச்சர் இதை ‘உப்பிடுச்சு’ என்பார். நானும் ‘உப்பல்’ என்றே எழுதிவிட்டேன். டயருக்கும் சொல் சிக்கல் இல்லை. பக்கவாட்டில் ‘டாட்’ (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 2316 என்றால், அது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு வயதாகியிருக்கும்.

சொல் இல்லாமல் நிற்பது இழுப்பதில்தான். பின்னால் வரும் காரை இங்கே ‘டிங்கி’ என்கிறார்கள், கப்பலுக்குப் பின்னால் கட்டிய சிறுபடகின் பெயரால். மூன்று சொல் வேண்டும்: மோட்டார் ஹோமுக்கு ஒன்று, இழுபட்டு வரும் காருக்கு ஒன்று, நடுவில் இரண்டையும் பிணைக்கும் அமைப்புக்கு ஒன்று. கட்டுரை வரைவையும் அனுப்பியிருக்கிறேன், கைகொடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

அம்மா, வணக்கம்.

இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. குடும்பத்தோடு வண்டியிலேயே வாழ்ந்து ஊர் ஊராகப் போனவர்கள் நம் உப்பு வணிகரான உமணர்கள். பெரும்பாணாற்றுப்படையில் அவர்களுடைய உப்பு வண்டியைப் பாருங்கள்: ‘ஆரை வேய்ந்த அறைவாய்ச் சகடம்’. கோழி அடைய அதிலேயே கூடு, காடி வைத்த கலம், கையில் குழந்தையோடு எருதுகளை ஓட்டும் பெண். மோட்டார் ஹோம் என்பது வேறென்ன? ‘மனைச்சகடம்’ என்று வையுங்கள்.

பின்னால் வரும் காருக்கும் உமணரிடமே சொல் இருக்கிறது. புறநானூறு 102இல் ஔவையார் பாடுகிறார்: வண்டியில் பண்டம் நிறைய ஏற்றியிருக்கிறது, பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ, வழியில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என எண்ணி, வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போனார்களாம். அதுதான் ‘சேம அச்சு’. பெரிய வண்டி நின்றுபோனாலும் ஊருக்குள் போய்வரக் கூடவே வருவது ‘சேமவண்டி’. ஈராயிரம் ஆண்டுச் சொல்லை விட்டுவிட்டு நாம் படகைத் தேடிப் போக வேண்டாம்.

கோவையிலிருந்து:

தஞ்சை ஐயாவின் புலமைக்கு என் வணக்கம். ஆனால் ‘சகடம்’ வேண்டாம். ‘சகரக் கிளவியும் அவற்றோ ரற்றே, அ ஐ ஔவெனும் மூன்றலங் கடையே’ என்பது தொல்காப்பியம். சகரம் அகரத்தோடு சேர்ந்து மொழிக்கு முதலில் வராது. புதிதாக ஒரு சொல்லைப் படைக்கும்போதாவது மொழி மரபைக் காப்போம்.

‘சேமம்’ வடசொல்லின் திரிபு என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்பவில்லை. அமர்–சமர், ஏண்–சேண் என்பனபோல ஏமம்–சேமம். ஏமம் காவல், காவலுக்கு வைத்தது சேமம். அதனால் சொல்லில் பழுதில்லை, பொருளில்தான் பழுது. சேம அச்சு முதல் அச்சு முறிந்தால் மட்டும் பயன்படுவது. இந்த அம்மாவின் ஜீப் அப்படியில்லை. முகாமில் இறங்கிய நாள் முழுதும் அதில்தான் போய்வருவார்கள்.

என் பரிந்துரை: பேருந்து, சரக்குந்து, மகிழுந்து என்று ஓர் ஒழுங்கு அமைந்திருக்கிறது. அதே வழியில் மோட்டார் ஹோமுக்கு ‘மனையுந்து’, பின்னால் வருவதற்கு ‘இழுவுந்து’.

தஞ்சாவூரிலிருந்து:

தொல்காப்பியத்தைத் தலைமேல் வைக்கிறேன். ஆனால் நான் காட்டிய அதே புறப்பாட்டில் ‘சகடம் பண்டம் பெரிதுபெய் தன்றே’ என்று ஔவை பாடியிருக்கிறார். ஔவை எடுத்தாண்ட சொல்லை நாம் ஏன் தள்ள வேண்டும்? இலக்கியம் கண்டதற்குத்தானே இலக்கணம்? ஏமம்–சேமம் பற்றியும் எனக்கு ஐயம் உண்டு. இரண்டும் பொருளில் நெருங்கியவை என்பதால் ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததாகிவிடாது. அதைத் தனி இழையில் பேசலாம்.

சென்னையிலிருந்து:

வணக்கம். வண்டித் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். ‘இழுவுந்து’ வேண்டவே வேண்டாம். வினைத்தொகை யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று சொல்லாது. கொல்களிறு என்றால் கொல்லும் களிறு. உண்கலம் என்றால் உண்ணும் கலமா, உண்பதற்கான கலமா? அதுபோல இழுவுந்து இழுக்கும் வண்டியா, இழுபடும் வண்டியா? போதாக்குறைக்கு ‘இழுவை’ என்றால் எங்கள் பக்கம் டிராக்டர், ‘இழுவை வாகனம்’ என்றால் போக்குவரத்துக் காவலர் கொண்டுவருவது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். எந்தக் கார் என்பதைவிட எப்படி இழுக்கிறோம் என்பதற்குத்தான் முதலில் சொல் வேண்டும். மூன்று வழி இருக்கிறது. காரையே முழுதாக டிரெய்லரில் ஏற்றுவது, முன்சக்கரம் இரண்டை மட்டும் சிறு வண்டியில் தூக்கி வைப்பது, நான்கு சக்கரமும் தரையில் உருள இழுப்பது. அம்மா செய்வது மூன்றாவது. எல்லாக் காரையும் அப்படி இழுக்க முடியாது. தானியங்கி கியர்பெட்டிக்குள் எண்ணெய் செலுத்தும் பம்பைச் சுழற்றுவது பெரும்பாலும் எஞ்சின். எஞ்சின் அணைந்திருக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே எண்ணெய் போகாமல் எல்லாம் உரசிக் கெடும். ஹோண்டா சிஆர்-வியில் 2014 வரையான வண்டிகளை ஒரு முறைப்படி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து இழுக்கலாம். 2015இல் கியர்பெட்டி மாறியதும் அந்த அனுமதி போயிற்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே காராகத்தான் தெரியும்.

அம்மா அனுப்பிய வரைவில் ‘ஜீப்பை நடுநிலையில் வைக்கவும்’ என்று இருக்கிறது. எந்த நடுநிலை? ஜீப் ரேங்லரில் கியர்பெட்டி ஒன்று, அதற்குப் பின்னால் நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்று. நியூட்ரலில் இருக்க வேண்டியது டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும். கியர்பெட்டி தானியங்கியாக இருந்தால் ‘பார்க்’கிலும், கையால் மாற்றுவதாக இருந்தால் கியரிலும் இருக்க வேண்டும். ஸ்டியரிங் பூட்டும் விடுபட்டிருக்க வேண்டும். ‘நடுநிலை’ என்று தூய தமிழில் படித்துவிட்டு ஒருவர் கியர்பெட்டியை மட்டும் நியூட்ரலுக்குத் தள்ளி நெடுஞ்சாலையில் இறங்கினால் அவருடைய ஜீப் போச்சு. இந்த இடத்தில் தயவுசெய்து நியூட்ரல், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று அப்படியே எழுதுங்கள். நம்முடைய தூய்மைக்கு இன்னொருவர் காசு கொடுக்கக் கூடாது.

கோவையிலிருந்து:

தம்பி சொன்ன ஆபத்தை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து ஆங்கிலம் அன்று, இன்னும் துல்லியமான தமிழ். ‘பிரிபெட்டியை விடுநிலையில் வை, பல்லிணைப் பெட்டியைப் பூட்டுநிலையில் வை’ என்று எழுதினால் எங்கே குழப்பம்? ஒருமுறை படத்தோடு விளக்கிவிட்டால் போதும். ‘பேருந்து’ என்று சொல்லவே ஒரு காலத்தில் நாக்கு கூசியது. இன்று குழந்தையும் சொல்கிறது.

சென்னையிலிருந்து:

ஐயா, அந்த ஜீப்பின் நெம்புகோல் தலையில் ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்துதான் பொறித்திருக்கிறது. விடுநிலை என்று படித்தவர் வண்டிக்குள் உட்கார்ந்து எதைத் தேடுவார்?

டொராண்டோவிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம். இழுக்கிற முறைக்கு ‘உருளிழுவை’ எண்டு வைத்தால் என்ன? நான்கு சில்லும் உருள இழுக்கிறது. தரையில் இழுக்கிறது எண்டு எழுதினால் தேய்த்து இழுக்கிற மாதிரி இருக்கும்.

நடுவில் பிணைக்கிற பொருளுக்கு எங்களிடம் சொல் இருக்கு. நாங்கள் ஒன்றை ஒன்றில் மாட்டுவதைக் ‘கொளுவுறது’ எண்டுதான் சொல்லுவம். சட்டையை ஆணியில் கொளுவி விடு எண்டு அம்மா சொல்லுவா. மோட்டார் ஹோமின் பின்னால் இருக்கிற இழுதண்டு, ஜீப்பின் முன்னால் பொருத்துற அடித்தகடு, இரண்டும் சந்திக்கிற இடம் ‘கொளுவி’. ‘கொக்கி’ எண்டால் வளைந்த கம்பிதான் மனதில் வருகிறது, இது அப்படியில்லை.

‘கேரவன்’ எண்டு மட்டும் ஒருவரும் எழுத வேண்டாம். பிரித்தானியாவில் அது எஞ்சின் இல்லாமல் பின்னால் இழுபட்டு வாற வீடு.

சென்னையிலிருந்து:

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் உட்காரும் வண்டி. ஆக அது வேண்டாம். உருளிழுவை மிக நன்று.

கோவையிலிருந்து:

உருளிழுவையை மனமார ஏற்கிறேன். ‘உருள்பெருந்தேர்’ என்ற வள்ளுவர் வழக்கும் துணை நிற்கிறது. கொளுவியும் நற்றமிழ், கொள் என்பதன் வழி வந்தது. தமிழ்நாட்டில் ‘கொளுத்து’ என்றும் இதே பொருளில் பழஞ்சொல் உண்டு.

சென்னையிலிருந்து:

எரிவாயு உருளை வைத்திருக்கும் வண்டியைப் பற்றிய கட்டுரையில் ‘கொளுத்து’ வேண்டாம் ஐயா. கொளுவியே இருக்கட்டும்.

தஞ்சாவூரிலிருந்து:

கொளுவியில் செருகும் ஆணியை விட்டுவிட்டோம். ‘கடையாணி’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அது அச்சின் நுனியில் சக்கரம் கழலாமல் செருகுவது. பிணைப்பின் நடுவே செருகும் ஆணிக்குப் ‘பகல்’ என்று பெயர். ‘நெடுநுகத்துப் பகல்போல நடுவுநின்ற நன்னெஞ்சினோர்’ என்று வணிகரைப் பாடுகிறது பட்டினப்பாலை. நுகத்தடியின் இரு பாதியையும் பகுத்து நடுவில் நிற்பதால் பகல். நாளைப் பகுக்கும் நண்பகலும் அதே வேர். பகுதி, பங்கு, பகை...

சிங்கப்பூரிலிருந்து:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் ஆசிரியை. உயர்நிலை வகுப்பில் இந்தச் சொற்களைப் பலகையில் எழுதி, என்னவாக இருக்கும் என்று கேட்டேன். ‘மனையுந்து’ பாதிப் பேருக்குப் பிடிபட்டது. ‘சேமவண்டி’யை வங்கிப் பணம் கொண்டு போகும் வண்டி என்றார்கள், சேமிப்பு அவர்களுக்குத் தெரியும், சேம அச்சு தெரியாது. ‘பகலாணி’க்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ‘பின்வண்டி’ என்று நானாக எழுதியதும் உடனே புரிந்துகொண்டார்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

தெரியாதது என்பதால் கைவிட்டால் நாளைக்கு எதைத்தான் சொல்லிக்கொடுப்பீர்கள் அம்மா? கட்டுரைதானே அவர்களுக்குச் சேம அச்சை அறிமுகப்படுத்தும் வாய்ப்பு?

மிச்சிகனிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும். நான் எடுத்துக்கொண்டவை இவை: தலைப்பில் மனையுந்து, முதல் பத்தியில் ஒருமுறை மோட்டார் ஹோம் என்ற விளக்கம். இழுக்கும் முறைக்கு உருளிழுவை, பிணைப்புக்குக் கொளுவி. காருக்குப் பின்வண்டி, சிங்கப்பூர் வகுப்பில் உடனே புரிந்தது அதுதான். ஆணி வெறும் ஆணிதான். நியூட்ரலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சென்னைத் தம்பி சொன்னபடியே இருக்கும்.

எடைப் பத்தியையும் திருத்திவிட்டேன். மனையுந்தும் பின்வண்டியும் சேர்ந்து இவ்வளவுதான் என்று தயாரிப்பாளர் ஓர் எல்லை போட்டிருப்பார். அதிலிருந்து தண்ணீர், பெட்ரோல், ஆட்கள், பாத்திரம் பண்டம் எல்லாம் ஏற்றிய மனையுந்தின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே இழுக்கக்கூடியது. கொளுவியின் தாங்கும் அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைவான அளவுதான் கணக்கு. பின்வண்டியோடு பின்னோக்கி ஓட்டக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். முன்சக்கரம் தானாகத் திரும்பிக்கொண்டு இழுதண்டை வளைத்துவிடும்.

கோவையிலிருந்து:

அம்மாவின் முடிவுக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. ‘பின்வண்டி’ எதையும் சுட்டவில்லை. சாலையில் எனக்குப் பின்னால் வரும் எந்த வண்டியும் பின்வண்டிதான். ‘இழுபடுந்து’ என்று எழுதியிருந்தால் வினைத்தொகைக் குழப்பமும் தீர்ந்திருக்கும். என் மாற்றுக் கருத்தைக் குழுமப் பட்டியலில் பதிய வேண்டுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து:

என் சேமவண்டியையும் அதன் கீழே பதியுங்கள்.

சென்னையிலிருந்து:

அம்மா, அனுப்புவதற்கு முன் ஒன்று. கொளுவி கழன்று ஜீப் தனியே பிரிந்தால், ஒரு மெல்லிய கம்பி இழுபட்டு, ஜீப்பின் முகப்பிலிருக்கும் சுவிட்சிலிருந்து முளையைப் பிடுங்கும். உடனே ஜீப்பின் பிரேக் தானாக அழுந்தும். ஜீப் ஏறக்குறைய ஒன்றரை டன். இந்தச் சுவிட்ச் இல்லாமல் இழுக்கவே கூடாது. வரைவில் இதற்குப் பெயரே இல்லை, ‘பாதுகாப்புக் கருவி’ என்று மட்டும் இருக்கிறது. கடையில் கேட்டு வாங்குகிற அளவுக்கு ஒரு பெயர் வேண்டும்.

டொராண்டோவிலிருந்து:

சுவிட்சுக்கு நாங்கள் ‘ஆளி’ எண்டு படித்தனாங்கள். பிரிஞ்சால் வேலை செய்யிறது, ‘பிரிவாளி’ எண்டு வைக்கலாம்.

கோவையிலிருந்து:

வாளி என்று பிரித்துப் படித்துவிடுவார்கள். ‘அறுநிறுத்தி’?