போட்டோ டிவிடி: டிவியில் ஓரம் வெட்டுப்படுகிறது

கேள்வி:
அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் 180-ஐ ஸ்லைடு ஷோவாக டிவிடியில் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் அருமையாக ஓடுகிறது, ஆனால் ஊரில் இருக்கும் பழைய டிவியில் போட்டால் ஓரத்தில் நிற்கும் பெரியப்பாவின் பாதி முகத்தைக் காணோம், அம்மாவின் பட்டுப்புடவைச் சரிகை வேறு துடித்துக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
தம்பி, பழைய டிவிகள் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். நாலு பக்கமும் 5 முதல் 10 சதவீதம் இடம் விட்டு, படத்தைச் சுருக்கி நடுவில் வையுங்கள். டிவிடி எழுதும்போது நம் நாட்டு டிவி முறையான பி.ஏ.எல். (PAL) வையுங்கள்: 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 பிரேம்.

பதில் 2:
சரிகை துடிப்பதற்குக் காரணம் இன்டர்லேஸ். டிவி ஒற்றைப்படை வரிகளை ஒரு தடவையும் இரட்டைப்படை வரிகளை மறு தடவையும் வரைகிறது, அதனால் ஒரே வரி உயரமுள்ள மெல்லிய கோடு வந்து வந்து போகும். மேல்-கீழாக மட்டும் லேசாக பிளர் கொடுங்கள். கம்ப்யூட்டரில் மங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அப்புறம், ஆட்கள் குண்டாகத் தெரிந்தால் அகல-உயர விகிதம் டிவிக்கு ஏற்றபடி 4:3-ஆ, 16:9-ஆ என்று பாருங்கள்.

கேட்டவர்:
அண்ணா, 8 சதவீதம் விட்டேன், பெரியப்பா முழுசாக வந்துவிட்டார்! சரிகையும் அடங்கிவிட்டது. அழித்து எழுதும் டிஸ்கில் சோதித்துப் பார்த்த பிறகுதான் நல்ல டிஸ்கில் எழுதினேன். இருவருக்கும் ரொம்ப நன்றி.